ஜிபிஏ குறைவா? அமெரிக்க மருத்துவப் படிப்புக்கு நான்கு வழிகள்

அமெரிக்காவில் எம்டி (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம்) படிப்பில் சேருபவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் இளநிலை மதிப்பெண் சராசரி, 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. எம்காட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் 511, 512. கையில் 3.0 வைத்திருப்பவருக்கு இதைப் பார்த்ததும் மனம் விட்டுப்போகும். வழி இருக்கிறது. போஸ்ட்-பேக், எஸ்எம்பி, டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகள், கரீபியன் கல்லூரிகள் என்று நான்கைச் சொல்வார்கள். முதல் இரண்டும் குறைந்த மதிப்பெண்ணை ஈடுகட்ட, அடுத்த இரண்டும் போய்ச் சேரும் இடங்கள்.

போஸ்ட்-பேக் என்றால் பட்டம் வாங்கிய பிறகும் இளநிலைப் பாடங்களையே படிப்பது. அந்த மதிப்பெண் பழைய ஜிபிஏவோடு சேரும். எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு (கிரெடிட் என்பது பாடத்தின் அளவு) 3.0 என்றால் 360 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 120 கூடும். 480-ஐ 150-ஆல் வகுத்தால் 3.2. ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எம்டி விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்துக்குத் தனி ஜிபிஏ உண்டு. அங்கே 50 கிரெடிட்டுக்கு 2.8 இருந்தால், அதே 30 கிரெடிட் அறிவியல் பாடங்கள் அதை 3.25 ஆக்கும். போஸ்ட்-பேக் மதிப்பெண் தனி வரியாகவும் தெரியும். பழைய தடுமாற்றம் முடிந்துவிட்டது என்று அந்த வரி சொல்லும்.

எஸ்எம்பி (ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்) மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புபவர்களுக்கான முதுநிலைப் படிப்பு. அதன் மதிப்பெண் தனியாகவே நிற்கும், இளநிலை ஜிபிஏ ஒரு புள்ளிகூட ஏறாது. ஜார்ஜ்டவுன் போன்ற இடங்களில் முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படித்து, அவர்களோடு ஒப்பிடப்படுவீர்கள். நன்றாகச் செய்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. சறுக்கினால், மருத்துவப் பாடமே வரவில்லை என்று எழுத்தில் பதிந்துவிடும். செலவும் பல்லாயிரம் டாலர். அதனால் 3.0-ஐ ஒட்டி இருப்பவர் முதலில் போஸ்ட்-பேக் போவதே சரி. எஸ்எம்பி, 3.3 போல இருந்தும் எம்காட் நன்றாக இருந்தும் இடம் கிடைக்காதவருக்கு.

அடுத்து, எங்கே விண்ணப்பிப்பது? டிஓ என்றாலே அமெரிக்காவில் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் தயக்கம். அது தேவையில்லாதது. டிஓவும் முழு மருத்துவரே. மருந்து எழுதலாம், அறுவைசிகிச்சை செய்யலாம். 2020 முதல் எம்டி, டிஓ இரண்டுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சி) அங்கீகாரம் ஒன்றே. டிஓவில் சேருபவர்களின் சராசரி ஜிபிஏ 3.6-ஐ ஒட்டியது, எம்காட் 504 போல. டிஓ விண்ணப்பத்தில், திரும்பப் படித்த பாடம் பழைய மதிப்பெண்ணை அழித்துவிடும் சலுகை மட்டும் 2017-லேயே போய்விட்டது.

கரீபியனில் இடம் கிடைப்பது எளிது, வெளியே வருவதுதான் கடினம். 2024 மேட்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) எம்டி இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம், டிஓவில் 92.3 சதவீதம் ரெசிடென்சி பெற்றார்கள். கரீபியன் உட்பட வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67. இடையில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தால், முதல் பருவத்தில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் ரெசிடென்சி வரை போனார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.