பாட்டிலின் பின்பக்கம்: மெக்னீசியம் மாத்திரையோடு 16 மாதம்

மும்பையில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி ஸ்டேஷன் வரை ஹார்பர் லைன் ரயிலில் தினமும் நின்றுகொண்டே போய் வருகிறவள் நான். வயது 51. போன வருடம் பிப்ரவரியில் ராத்திரி இரண்டு மணி வாக்கில் கெண்டைக்கால் சதை முறுக்கிப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கத்தி எழுந்து, தரையில் காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாரத்துக்கு மூன்று நாளாவது இந்தக் கூத்து. லேடீஸ் கம்பார்ட்மென்டில் கூட வரும் தோழி கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "மெக்னீசியம் கம்மியா இருக்கும், வாங்கிப் போடு." ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 400 மி.கி. பெரிய எண் என்றால் நல்ல சரக்கு என்று நினைத்த காலம் அது.

மூன்றாம் நாள் காலை வண்டி வடாலா தாண்டும்போது வயிறு கடகடவென்றது. சேவ்ரியில் தாங்க முடியவில்லை. காட்டன் கிரீனில் இறங்கி ஓடிய கதையை இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அன்று சாயந்திரம்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருந்தது மெக்னீசியம் ஆக்சைடு. இந்த உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் மெக்னீசியமே. அதனால் சின்ன மாத்திரைக்குள் பெரிய எண்ணை அடைத்துவிடலாம். ஆனால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சுகிறது. மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. மலமிளக்கியாகக் கொடுக்கும் 'மில்க் ஆஃப் மெக்னீசியா'வும் ஒரு மெக்னீசிய உப்புதானே. மாத்திரையை நான் கால் வலிக்குப் போட்டேன், அது வயிற்றில் வேலையைக் காட்டியது.

அடுத்து வாங்கியது கிளைசினேட். வயிற்றைப் படுத்தாது என்று பெயர் வாங்கியது, எனக்கும் படுத்தவில்லை. இங்கே வேறொரு கணக்கு இருந்தது. முன்பக்கத்தில் '2000 மி.கி மெக்னீசியம் கிளைசினேட்' என்று போட்டிருந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், ஒரு சர்விங் என்றால் இரண்டு மாத்திரை, அதில் எலமென்டல் மெக்னீசியம், அதாவது உப்பின் எடையைக் கழித்த நிஜ மெக்னீசியம், 280 மி.கி. அப்படியானால் ஒரு மாத்திரையில் 140. கிளைசினேட் எடையில் சுமார் 14 சதவீதம்தான் மெக்னீசியம், மீதியெல்லாம் கிளைசின் என்ற அமினோ அமிலம். ஆகவே இந்தக் கணக்கு நேர்மையானதுதான். 1000 மி.கி கிளைசினேட்டில் 200, 250 என்று எவராவது போட்டிருந்தால் ஆக்சைடைக் கலந்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். மூளைக்கு நல்லது என்று விலை ஏற்றி விற்கும் திரியோனேட்டில் இன்னும் குறைவு, சுமார் 8 சதவீதம். நான் அதன் பக்கமே போகவில்லை.

இப்போதெல்லாம் கடையில் நின்றே பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. எலமென்டல் எவ்வளவு, எத்தனை மாத்திரைக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, எக்ஸ்பைரி எப்போது, அவ்வளவுதான். கடைப் பையன் என்னைக் கண்டாலே இந்தியில் ஏதோ முணுமுணுக்கிறான். முணுமுணுக்கட்டும்.

எவ்வளவு போடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 பட்டியல்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 370 மி.கி, ஆண்களுக்கு 440 தேவை. சாப்பாட்டையும் சேர்த்த மொத்தத் தேவை இது. மாத்திரை வழியாக மட்டும் போவதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் 350, ஐரோப்பாவில் 250. அந்த முதல் பாட்டிலுக்குப் பிறகு நான் 250-ஐத் தாண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் பெரிய தப்பொன்று செய்தேன். எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு, எட்டு வருடமாக மாத்திரை உண்டு. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டு, ஆறரைக்குக் காபி, ஏழு மணிக்கு இட்லியோடு மெக்னீசியம். மறக்காது என்றுதான் அந்த நேரத்தில் வைத்தேன். மே மாதம் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச் (தைராய்டு குறைந்தால் ஏறுகிற அளவு) 7.8 என்று வந்தது. அதற்கு முன்பு 2.4 இருந்தது. டோஸை ஏற்றப் போன டாக்டர், எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?" வைட்டமின் மாதிரி ஒன்றுதானே என்று நான் அதைச் சொல்லவே இல்லை. மெக்னீசியம், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸை மாற்றாமல், மெக்னீசியத்தை மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 2.9.

தைராய்டு குறைவாக இருந்தாலே தசைப் பிடிப்பு வரும் என்று அவர் போகிற போக்கில் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கால் பிடிப்புக்கென்று ஒரு மாத்திரை போட்டு, கால் பிடிப்பு வராமல் காக்கிற மாத்திரையை இரண்டரை மாதம் வேலை செய்ய விடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

இடைவெளிச் சமாசாரம் இன்னொரு தடவையும் வந்தது. ஜூலையில் ஒரு நாள் சூனாபட்டி பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர். வண்டி நின்றுவிட, முழங்காலளவு வெள்ளத்தில் நடந்து வீட்டுக்கு வந்தோம். எலிக்காய்ச்சல் பயத்தால், வெள்ளத்தில் நடந்தவர்கள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மருந்து எடுக்கச் சொல்லி மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிப்பது மும்பைக்காரர்களுக்குப் பழக்கம். எனக்கு டாக்ஸிசைக்ளின் எழுதினார்கள். இந்த முறை நானே கேட்டேன். டாக்ஸிசைக்ளினையும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளையும் மெக்னீசியம் இதே மாதிரி கட்டிப் போட்டுவிடும், அந்த மருந்து முடியும் வரை மெக்னீசியத்தை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் சாப்பிடுபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

அப்புறம் எங்கள் மாமியார். வயது 78, சர்க்கரை நோய் 20 வருடமாக, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் 1.9. "ஏம்மா, எனக்கும் ராத்திரி காலை இழுக்குது, உன் மாத்திரையில ஒண்ணு குடேன்" என்று ஒரு நாள் கேட்டார். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் அம்மா என்றேன். அவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? நான் ஆபீஸ் போன பிறகு நாலைந்து நாள் தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறார். பாட்டில் சீக்கிரம் காலியானபோதுதான் தெரிந்தது.

நல்ல சிறுநீரகம் மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். முதலில் குமட்டல், அசதி, தூக்கம். இன்னும் ஏறினால் ரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும், மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கப்படும். சிறுநீரக டாக்டரிடம் ஓடினோம். கணக்கில் நான் விட்டதை அவர் பிடித்தார்: மாமியார் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அன்டாசிட் சிரப். டைஜீன், ஜெலூசில் போன்றவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. இரண்டு வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. ரத்தத்தில் அளவு கொஞ்சம்தான் கூடியிருந்தது, இரண்டையும் நிறுத்தியதும் இறங்கிவிட்டது. அன்று வாங்கிய திட்டு எனக்குத்தான், மாமியாருக்கு இல்லை. அதுவும் நியாயம்தான்.

சரி, பலன் இருந்ததா? ஆகஸ்ட் வாக்கில் பிடிப்பு மாதம் ஒன்றிரண்டாகக் குறைந்தது. வீட்டில் எல்லோரும் மெக்னீசியம் வாழ்க என்றார்கள். தைராய்டு நேரான பிறகுதானே குறைந்தது என்று எனக்கு உறுத்தல். நவம்பர் நடுவிலிருந்து இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தேன். மாட்டுங்காவில் வாங்கிய தமிழ்க் காலண்டரில் பிடிப்பு வந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டேன். அக்டோபரில் இரண்டு வட்டம், டிசம்பரிலும் இரண்டு. படுக்கப் போகும்முன் சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை ஜனவரியில் ஆரம்பித்த பிறகு மாதத்துக்கு ஒன்று, இல்லாமலும் போகிறது. ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பும் 2020-இல், வயதானவர்களின் தசைப் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவ வாய்ப்பில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

ரத்தத்தில் மெக்னீசியம் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன், 1.9, சரியான அளவு. ஆனால் உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை, பாதிக்கு மேல் எலும்பில் கிடக்கிறது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வருடக்கணக்கில் அமிலச் சுரப்பையே குறைக்கும் அசிடிட்டி மாத்திரையோ (அன்டாசிட் இல்லை), நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு நிஜமாகவே குறைவு வரலாம். அவர்கள் கதை வேறு.

தூக்கம் நன்றாக வருகிறது என்று முதலில் தோன்றியது. நிறுத்திய இரண்டு மாதமும் அதே தூக்கம்தான். மலச்சிக்கலுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கிளைசினேட் தீர்ந்ததும் விலை குறைவான சிட்ரேட் பவுடருக்கு மாறியிருந்தேன், அதை நிறுத்திய ஒரு வாரத்தில் பழைய அவஸ்தை திரும்பியது. அதனால் ஜனவரியிலிருந்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு, ராத்திரி 150 மி.கி சிட்ரேட். பவுடர் வேண்டாம், மாத்திரைதான். மும்பை மழைக்காலத்தில் அந்த டப்பா பாறாங்கல்லாகி, கரண்டிக் காம்பால் குத்தி எடுத்த அனுபவம் ஒரு தடவை போதும்.

சாப்பாட்டிலும் சேர்த்துக்கொண்டேன். கேழ்வரகு 100 கிராமில் 140 மி.கிக்கு மேல் மெக்னீசியம் இருக்கிறது. இங்கே கடையில் நாச்சணி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வாரம் மூன்று நாள் கேழ்வரகு தோசை, ஆபீஸ் டப்பாவில் ஒரு பிடி வேர்க்கடலை.

மாத்திரை பாட்டில் இப்போது பரணில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். நேற்று ராத்திரி ஏறும்போது மாமியார் கீழிருந்து கேட்டார்: "அங்க என்னம்மா தேடற?"

"உளுத்தம்பருப்பு, அம்மா."