மொட்டை மாடிக்கு கூல் ரூஃப் பெயிண்ட்: அடிக்கலாமா?

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் கொடுமை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை இருட்டிய பிறகு சாவகாசமாக வீட்டுக்குள் இறக்கும். ஃபேன் போட்டால் அதே அனல்தான் கீழே வரும். புது ஏசி வாங்கச் சொன்னார்கள். நான் முதலில் தளத்துக்கு கூல் ரூஃப் பெயிண்ட், அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தேன்.

பலன் இருக்கிறது. முன்பெல்லாம் படுக்கப் போகும் நேரத்தில்கூட கட்டில்மேல் ஏறி சீலிங்கைத் தொட்டால் கை சுடும். இப்போது அப்படி இல்லை. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பழைய ஏசியின் கம்ப்ரசர் சீக்கிரமே நின்று ஓய்வெடுக்கிறது. ஆனால் மேற்குச் சுவரில் அடிக்கும் வெயிலுக்கும் ஜன்னல் வழியாக வரும் வெயிலுக்கும் இது மருந்தில்லை.

பக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'இத்தனை டிகிரி குறையும்' என்பதை நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது தளத்தின் மேற்பரப்புக் கணக்கு. அறைக்குள் அவ்வளவு இறங்காது. பார்க்க வேண்டியது எஸ்ஆர்ஐ (Solar Reflectance Index) எண், அதாவது வெயிலில் தளம் எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதற்கான மதிப்பெண். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவுகோல் அது. நல்ல பூச்சுகள் 100-ஐயே தாண்டும். 3 ஆண்டு வெயில் மழையில் கிடந்த பிறகு எவ்வளவு என்றும் போட்டிருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுப்பேன். புதுப் பூச்சு சுமார் 80 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பும். தூசி படியப் படிய அது குறைந்துகொண்டே போகும். வெயில் காலத்துக்கு முன்னால் ஒருமுறை தளத்தைக் கழுவிவிட்டால் போதும்.

உண்மையில் பெயிண்ட்டைவிட அதற்கு முந்தின வேலைதான் பெரிது. கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். ஈரத்தின்மேல் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக உரியும். முதல் கோட் நீளவாக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது குறுக்குவாக்கில். எனக்கு வந்த பெயிண்டர் 'கொஞ்சம் தண்ணி விட்டாத்தான் சார் இழுக்கும்' என்று குடத்தோடு நின்றார். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குமேல் ஒரு சொட்டு விடவில்லை. பக்கத்திலேயே நில்லுங்கள்.

5-க்கு 4 கொடுப்பேன். மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியவில்லை, அதற்காக ஒன்று குறைத்தேன்.