இறைச்சிக்கூடம் கழுவ: அழுத்த நீரா, நுரையா?

அதிக அழுத்தக் குழாயால் அடித்துக் கழுவினால் கொழுப்பு சட்டென்று கழன்றுவிடும், தரையும் பளிச்சென்று இருக்கும். அதனால்தான் பலருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் நீர் பொடித்துளியாகச் சிதறுகிறது. வடிகாலில் தங்கியிருக்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அந்தத் துளிகளோடு காற்றில் ஏறி, கழுவி முடித்த மேசையிலேயே மறுபடி இறங்கும். குளிர்பதனத்திலும் வளரும் கிருமி அது. தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கழுவுபவர் மூச்சில் இழுப்பதும் இதே துளிகளைத்தான். கால்நடைக் கழிவு கலந்த இடமென்றால் கியூ காய்ச்சல் (கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய்) பயமும் உண்டு.

நுரை முறையில் அவசரம் கூடாது. கழிவை முதலில் வழித்தெடுத்து, குறைந்த அழுத்தத்தில் நனைத்து, கழுவும் ரசாயன நுரையைப் பூசி ஊறவிட்டு, காய்வதற்குள் அலசி, கடைசியில் கிருமிநாசினி. நேரமும் ரசாயனச் செலவும் கூடும்தான். இருந்தாலும் உணவு படும் அறைக்குள் நான் நுரையைத்தான் சொல்வேன்.

அழுத்தக் குழாய் வெளியே லாரி கழுவ இருக்கட்டும்; அப்போதும் என்95 முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அப்புறம் ஒன்று: குளோரினையும் அமிலக் கழுவியையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.