கைமுறைச் சிகிச்சையா, உடற்பயிற்சியா, இரண்டும் சேர்ந்தா? காயத்திலிருந்து மீளும் வழிகள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

காயம்பட்ட மூட்டையோ தசையையோ மீட்டெடுக்க இயன்முறை மருத்துவத்தில் பொதுவாக மூன்று வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. சிகிச்சையாளர் தம் கைகளால் மூட்டை அசைத்தும் தசையை அழுத்தியும் செய்யும் கைமுறைச் சிகிச்சை ஒன்று. காயம்பட்டவரே படிப்படியாகச் சுமையைக் கூட்டிச் செய்யும் மறுவாழ்வுப் பயிற்சி மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே திட்டத்துக்குள் இணைப்பது மூன்றாவது. இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே என்று பெரும்பாலோர் யோசிக்காமலே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பல காயங்களுக்கு அந்த முடிவு சரியானதே. ஆனால் எல்லாக் காயங்களுக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவைப்படும் இடத்திலும் இரு கூறுகளுக்கும் சமபங்கு கிடையாது. கை ஒரு வாய்ப்பை உருவாக்கித் தருகிறது, அந்த வாய்ப்பு மூடுவதற்குள் பயிற்சி அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கண்ணோட்டத்தில்தான் மூன்று வழிகளையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

கை எதை மாற்றுகிறது

கைமுறைச் சிகிச்சை என்ற பெயருக்குள் மசாஜ், மூட்டை மெதுவாகவும் சீராகவும் அசைத்தல், ஒரே விசையில் சட்டென்று தள்ளுதல் ஆகிய மூன்றும் அடங்கும். ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த படிநிலைகள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றில் முதல் இரண்டு படிகளில் மூட்டு தடைபடும் எல்லையைத் தொடாமல், வலியைத் தணிப்பதற்காக மட்டும் அசைக்கப்படுகிறது; மூன்றாம், நான்காம் படிகளில் அந்தத் தடைக்குள் சென்று இறுக்கம் தளர்த்தப்படுகிறது; சட்டென்ற தள்ளல் ஐந்தாம் படியாக எண்ணப்படுகிறது. அப்போது கேட்கும் சொடக்கு ஒலியை, விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்ததற்கான அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒலி மூட்டுத் திரவத்தில் வாயு உருவாகும் நிகழ்வோடு தொடர்புடையதே தவிர, எலும்பின் இருப்பிடம் மாறியதற்குச் சான்றாகாது.

சில நிமிடங்கள் கொடுக்கப்படும் கையின் அழுத்தம் தடித்த தசைநாரின் அமைப்பையே மாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கும் வலுவான அடிப்படை இல்லை. மாறுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் எதிர்வினையாகும். கையின் தொடுதலும் அசைவும் தண்டுவடத்திலும் மூளையிலும் வலி கையாளப்படும் விதத்தைச் சற்று நேரத்துக்கு மாற்றுகின்றன. காயத்தைக் காப்பதற்காக இறுகியிருந்த தசை தளர்கிறது. மூட்டு கூடுதலாக அசைகிறது. இந்தப் பலன் உண்மையானது, உடனே உணரக்கூடியது, அதே அளவுக்குக் குறுகிய ஆயுளும் கொண்டது. அதன் மேல் எதையும் கட்டாமல் விட்டால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நிலைமை பழையபடி திரும்பிவிடுவதே வழக்கம்.

பயிற்சி எதை மாற்றுகிறது

பயிற்சி வேலை செய்யும் தளமே வேறு. தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், எலும்பு ஆகியவற்றின் செல்கள் தம்மீது விழும் இயக்கச் சுமையை உணர்ந்து, அதற்கேற்பப் புரதங்களை உருவாக்கித் திசுவை மறுசீரமைக்கின்றன. காயத்துக்குப் பின் முதல் சில நாள்கள் அழற்சிக் கட்டம். அதன்பின் சில வாரங்கள் புதுத் திசு உருவாகும் கட்டம். அதற்கும் பின் பல மாதங்கள், சில காயங்களில் ஓராண்டுக்கும் மேலாக, அந்தத் திசு வலுப்பெறும் கட்டம் நீடிக்கிறது. புதிதாக உருவான கொலாஜன் என்ற புரத இழைகள் சுமை விழும் திசையில் வரிசைப்படுவதற்குச் சுமை விழுந்தாக வேண்டும். இதைக் கட்டிலில் படுத்திருப்பவருக்காக வேறொருவர் செய்துகொடுக்க முடியாது.

பயிற்சியின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை ஆகலாம்; முதல் இரண்டு வாரங்களில் வலி சற்றுக் கூடியதுபோலவும் தோன்றலாம். வலிக்கிறது என்பதற்காகப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள், வலி போய்விட்டது என்பதற்காக நிறுத்துகிறவர்கள் என இரு தரப்பினரும் உண்டு. இரண்டாம் தரப்பினரே அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஏனெனில் வலி நீங்கும் நாளுக்கும் திசு முழு வலிமை பெறும் நாளுக்கும் இடையே மாதக் கணக்கில் இடைவெளி இருக்கக்கூடும்.

மூன்று வழிகளும் ஒரே ஆய்வில்

மூன்று வழிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. அவற்றில் 2004ஆம் ஆண்டு வெளியான, பிரிட்டனில் 1,334 பேரைக் கொண்டு நடந்த முதுகுவலி ஆய்வு குறிப்பிடத்தக்கது. அது விளையாட்டுக் காயத்தைப் பற்றியதன்று என்றாலும் இங்கே எழும் கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. வழக்கமான பொது மருத்துவக் கவனிப்போடு ஒப்பிட்டு, முதுகுவலியால் ஏற்படும் இயலாமையை 24 புள்ளி அளவுகோலில் அளந்தார்கள். பயிற்சி வகுப்பு மட்டும் பெற்றவர்கள் மூன்றாம் மாதத்தில் 1.4 புள்ளி கூடுதலாக முன்னேறினார்கள். ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு தெளிவாக நிற்கவில்லை. கைமுறைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் 1.6 புள்ளியும், ஓராண்டில் 1.0 புள்ளியும் கிடைத்தன. ஆறு வாரக் கைமுறைச் சிகிச்சையைத் தொடர்ந்து ஆறு வாரப் பயிற்சி என்று வரிசைப்படுத்தப்பட்ட குழுவுக்கு முறையே 1.9, 1.3 என்ற அளவில் பலன் கிட்டியது.

இந்த எண்களிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இணைப்பு வழி முதலிடம் பெற்றது. ஆனால் முன்னிலை சிறிது. மூன்றாம் மாதத்தில், இரண்டு சிகிச்சைகளின் பலனையும் கூட்டினால் வரும் தொகைக்கு அருகில்கூட இணைப்பின் பலன் வரவில்லை. ஆகவே இரண்டையும் செய்தால் இருமடங்கு பலன் என்று விளம்பரப்படுத்துவோரை நம்ப வேண்டியதில்லை. இன்னொரு எச்சரிக்கையும் தேவை: மாத்திரை ஆய்வுகளில் போலி மாத்திரை கொடுத்து மறைப்பதுபோல், கைபட்டதை நோயாளியிடமிருந்து மறைக்க இயலாது. எனவே இத்தகைய ஆய்வுகளில் தெரியும் பலனில் எவ்வளவு கையினுடையது, எவ்வளவு ஒருவர் அக்கறையோடு கவனித்ததினுடையது என்று முற்றாகப் பிரிப்பது கடினம்.

இணைப்பு வழி வெல்லும் இடம்: கணுக்கால் சுளுக்கு

பாதம் உட்புறமாக மடங்கி ஏற்படும் கணுக்கால் சுளுக்கில், மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும். வீக்கம் வடிந்த பிறகும் பலருக்கு முழங்காலை முன்னுக்கு வளைத்துக் கணுக்காலை மடக்குவது கடினமாகவே இருக்கும். படியிறங்கும்போது பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்வதும், குந்தி அமரும்போது குதிகால் எழும்பிவிடுவதும் அதன் விளைவுகளே. இதை அளக்கச் சுவர் ஒன்று போதும். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எழுப்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தூரம்வரை பாதத்தைப் பின்னுக்குத் தள்ளியும் தொட முடிகிறது என்பதைக் கால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுவர்வரை அளந்து, இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். காயம்பட்ட காலில் சில சென்டிமீட்டர் குறைவாக வந்தால் காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

குறைந்த இந்த அசைவை மீட்க, சிகிச்சையாளர் தம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கையின் வளைவைக் கணுக்காலின் முன்புறத்தில் வைத்து, அங்குள்ள கணுக்கால் எலும்பைப் பின்னோக்கிச் சீராக அழுத்துகிறார். சுளுக்கு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் வந்த 38 பேரைக் கொண்ட 2001ஆம் ஆண்டு ஆய்வில், ஓய்வு, ஐஸ், கட்டு ஆகியவற்றோடு இந்த அசைவையும் பெற்றவர்கள் குறைவான அமர்வுகளிலேயே வலியின்றிக் கணுக்காலை மடக்கினார்கள். நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் உருவாக்கிய முறை இதையும் தாண்டுகிறது: சிகிச்சையாளர் எலும்பைப் பிடித்து நகர்த்தியிருக்கும் அதே நொடியில், காயம்பட்டவர் தாமே எடையை முன்னுக்குச் சாய்த்துக் காலை மடக்குகிறார். கையும் பயிற்சியும் அடுத்தடுத்து நிகழாமல் ஒரே அசைவுக்குள் கூடுவதால், இணைப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெறும் முறை இதுவே என்பேன். கைமுறைச் சிகிச்சையுடன் பயிற்சி, வீட்டுப் பயிற்சி என்ற இரு வழிகளை 74 பேரிடம் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்விலும் நான்காம் வாரம், ஆறாம் மாதம் ஆகிய இரு கட்டங்களிலும் இணைப்பு வழியே முந்தியது.

ஆனால் கணுக்கால் மீண்டும் மடங்காமல் காப்பது ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சிதான். அது சுளுக்கு மீண்டும் வருவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மூட்டு நன்றாக அசைகிறது, வலியும் இல்லை என்ற நிலையில் கைமுறைச் சிகிச்சையோடு மட்டும் விடப்பட்ட கணுக்கால், அடுத்த மேடுபள்ளத்தில் மறுபடியும் மடங்கும் அபாயத்திலேயே இருக்கிறது.

பயிற்சியே போதுமான இடங்கள்

தசைநாண் வலியில் கையின் பங்கு மிகச் சிறிது. 1998ஆம் ஆண்டு சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட குதிகால் நாண் பயிற்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு நலமான காலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, நாளுக்கு இரு வேளை, பன்னிரண்டு வாரம். நாளொன்றுக்கு 180 முறை என்பது கணக்கு. அதில் பங்கேற்ற, ஓட்டப் பழக்கமுள்ள 15 பேரும் பழைய அளவில் ஓடத் திரும்பினார்கள். வலி இருந்தாலும், அது முடக்கும் அளவுக்குப் போகாதவரை தொடரும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்த எண்ணிக்கை புனிதமானதன்று, கனமான எடையை மெதுவாகத் தூக்கி இறக்கினாலும் ஒத்த பலன் கிடைக்கும் என்று காட்டியிருக்கின்றன. கெண்டைத் தசையைப் பிடித்துவிடுவது இதமாக இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

பின்தொடைத் தசைக் கிழிவில் எந்தப் பயிற்சி என்பதே பெரிய கேள்வி. சுவீடன் கால்பந்து வீரர்கள் 75 பேரிடம் 2013ஆம் ஆண்டு நடந்த ஆய்வில், தசையை நீட்டிய நிலையில் சுமையேற்றும் பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 28 நாளிலும், வழக்கமான பயிற்சி பெற்றவர்கள் 51 நாளிலும் களம் திரும்பினார்கள். கையைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற விவாதத்தைவிட இந்த 23 நாள் வேறுபாடு பெரியது.

முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன் குறுக்குத் தசைநாரில் செய்யும் அறுவைக்குப் பின்னான மறுவாழ்வில், தொடக்க வாரங்களில் முழங்கால்சில்லை அசைத்துவிடுவதும் காலை முழுமையாக நீட்டவைப்பதும் பயன் தரும். அதன்பின் வரும் மாதங்கள் முழுக்கத் தொடைத் தசைக்குரியவை. ஒன்பது மாதம்வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்ததாக 2016ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது.

கை வைக்கவே கூடாத இடங்கள்

அபாயத்தை ஒப்பிட்டால், பயிற்சியின் தவறு பெரும்பாலும் அளவு மீறுவதில் இருக்கிறது. சில நாள் குறைத்தால் சரியாகிவிடும். கைமுறைச் சிகிச்சையின் தவறுகள் அரிது, ஆனால் சில மீளமுடியாதவை. அடிபட்டு இரத்தம் கட்டிய தொடையைத் தொடக்க நாள்களில் அழுத்தி மசாஜ் செய்தால் தசைக்குள் எலும்பு படியும் அபாயம் கூடலாம். கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் அது இரத்தக்குழாய் உறைகட்டியாக இருக்கலாம். பரிசோதிக்காமல் பிடித்துவிடக் கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்பும் முறைக்குப் பின் தமனிச் சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள், எண்ணிக்கையில் குறைவே எனினும், மருத்துவப் பதிவுகளில் உள்ளன. கணுக்காலில் அடிபட்ட உடனேயும், சிகிச்சைக்கு வந்தபோதும் நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எந்த வழியை எப்போது எடுப்பது

மாவுக்கட்டுக்குப் பின் விறைத்த மூட்டு, மடங்க மறுக்கும் கணுக்கால், வலியால் பயிற்சியையே தொடங்க முடியாத முதுகு ஆகியவற்றுக்கு இணைப்பு வழி பொருந்தும். அமர்வின் முதல் பகுதியில் கை. கிடைத்த அசைவைப் பயன்படுத்தும் பயிற்சி அதே அறையில், அதே நேரத்தில் உடனே தொடர வேண்டும். திங்கட்கிழமை மசாஜ், வியாழக்கிழமை பயிற்சி என்று பிரித்து வைக்கும் திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. வாரங்கள் போகப்போகக் கைக்கான நேரம் சுருங்கிப் பயிற்சிக்கான நேரம் விரிய வேண்டும்; ஆறாம் வாரத்திலும் முதல் வாரத்தைப் போலவே அரை மணி நேரம் கட்டிலிலேயே கழிகிறது என்றால், அந்தத் திட்டத்தின் நோக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அமர்வுக்கு முன்னும் பின்னும் அதே ஒரு அசைவை அளந்து பார்ப்பதும், அந்த மாற்றம் அடுத்த அமர்வு வரை தங்குகிறதா என்று கவனிப்பதும் நம்பகமான சோதனை. மூன்று, நான்கு அமர்வுகளுக்குப் பின்னும் எதுவும் தங்கவில்லை என்றால் கையை விட்டுவிட்டுச் சுமையின் அளவையோ, நோயறிதலையோ மறுபடி பார்க்க வேண்டும். சிகிச்சையாளரைச் சில முறைதான் சந்திக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், அந்தச் சந்திப்புகளைப் பயிற்சியைச் சரியாகக் கற்பதற்கும் சுமையை எப்போது கூட்டுவது என்று கேட்பதற்கும் செலவிடலாம். அவ்வாறு செய்யும்போது பெரும்பாலான தசை, தசைநாண் காயங்களில் அவர் இழப்பது மிகக் குறைவே.