டிஸ்னி காலேஜ் புரோகிராமா, சீடர் பாயிண்டில் கோடை வேலையா?

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், பெற்றோர் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்ததாகப் படிப்பு என்னாகும் என்று கேட்பார்கள். இரண்டு பூங்காக்களுக்கும் விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் கிடைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் எதைத் தேர்வது என்பதையே முடிவு செய்கிறது.

ஒஹாயோ மாநிலத்தில் விருந்தோம்பல் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி மாணவர்கள் சில மாதங்கள் தங்கிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்படி புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு நடத்தும் டிஸ்னி காலேஜ் புரோகிராமுக்கும், எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஈரி ஏரிக்கரையில் சாண்டஸ்கியில் இருக்கும் சீடர் பாயிண்டின் கோடைகால வேலைக்கும் விண்ணப்பித்தேன். டிஸ்னியைத் தேர்ந்தேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே டிஸ்னியைப் பற்றி எழுதுவது நேரடி அனுபவம். சீடர் பாயிண்டைப் பொறுத்தவரை நேர்காணல் வரைக்கும்தான் என் அனுபவம். அதற்கு மேல் சொல்வதெல்லாம் கோடைதோறும் அங்கே வேலை பார்த்த வகுப்புத் தோழி சொல்லக் கேட்டவை. நான் போனது 2020க்கு முன்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காக்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. சீடர் பாயிண்ட் 1870இல் தொடங்கியது. ரோலர் கோஸ்டர்களுக்காகவே மக்கள் தேடிப்போகும் இடம். மே மாதம் திறந்து நவம்பர் தொடக்கத்தோடு மூடிவிடும். வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971இல் திறக்கப்பட்டது. நான்கு பெரிய பூங்காக்களும் விடுதிகளும் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. ஒன்று ஆறு மாதம், மற்றொன்று பன்னிரண்டு மாதம் என்ற இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே நேர்காணலின் போக்கு, சம்பளக் கணக்கு, கல்லூரிச் சிக்கல் எல்லாம் கிளைக்கின்றன.

சீடர் பாயிண்டில் விண்ணப்பம் எளிது. நேர்காணலும் சுருக்கமாகவே முடிந்தது. என்னிடம் பேசியவர் பண்புகளைப் பற்றியோ கனவுகளைப் பற்றியோ அதிகம் கேட்கவில்லை. எந்தத் தேதியில் வரமுடியும், எந்தத் தேதி வரை இருக்கமுடியும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் கல்லூரிகள் திறந்ததும் மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆனால் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரை கூட்டம் குறையாது, அதன் பிறகு ஹாலோவீன் வார இறுதிகள் வேறு இருக்கின்றன. அதனால் தொழிலாளர் தினம் வரை இருப்பேன் என்றோ, செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளில் வந்து போவேன் என்றோ உறுதியாகச் சொல்லக்கூடியவருக்கு அங்கே மதிப்பு அதிகம். கல்லூரி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

டிஸ்னியில் கதையே வேறு. நான் விண்ணப்பித்த பருவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: இணைய விண்ணப்பம், கணினி முன் அமர்ந்து விடையளிக்கும் இணையவழித் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத் தொலைபேசி நேர்காணல். இந்தக் கட்டங்களின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது. ஆனால் அவர்கள் தேடுவது பெரிதாக மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பத்தில் பலரும் அவசரமாகக் கடந்துவிடும் பகுதி, எந்தெந்தப் பணியில் எவ்வளவு ஆர்வம் என்று குறிக்கும் பட்டியல். சவாரிகளை இயக்குதல், விரைவு உணவகம், கடை விற்பனை, துப்புரவு, விடுதிப் பணி, உயிர்காப்பாளர், கதாபாத்திரங்களுக்கு உதவியாளர் என்று நீளும் அந்தப் பட்டியலில், ஒன்றிரண்டை மட்டும் உயர்வாகக் குறித்துவிட்டு மற்றதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினால் வாய்ப்பு அங்கேயே சுருங்கிவிடும். அதற்காக எல்லாவற்றையும் உயர்வாகக் குறிப்பதும் சரியல்ல, ஏனென்றால் இறுதியில் அவர்கள் தருவது ஒரே ஒரு பணி. அதைப் பேரம் பேச முடியாது. போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகவும் கூடாது. நாலைந்து மாதம் செய்ய மனம் ஒப்பும் பணிகளை மட்டும் யோசித்துக் குறியுங்கள். சவாரிப் பணியே எனக்கு முதல் விருப்பம். கிடைத்தது விரைவு உணவகம். அதையும் நான் விரும்பியே குறித்திருந்ததால் ஏற்பதில் தயக்கம் இருக்கவில்லை. கதாபாத்திர வேடமணிந்து நடிக்க விரும்புவோர் மட்டும் தனியாக ஆடிஷனுக்குப் போகவேண்டும்.

இணையவழித் தேர்வில் சரி, தவறு என்று விடைகள் இல்லை. ஒரு கூற்றைத் தந்து, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். ஒரே செய்தி வேறு சொற்களில் மீண்டும் வரும். எல்லாவற்றுக்கும் நடுநிலை விடையைத் தட்டிக்கொண்டு போகும் நம் எச்சரிக்கைக் குணம் இங்கே உதவாது. நேரம் தவறாமை, புன்னகை, விதிகளைப் பின்பற்றுதல் போன்றவற்றில் தெளிவாக ஒரு பக்கம் நிற்கவேண்டும். முன்பு சொன்னதற்கு முரணாகப் பின்னால் சொல்லக்கூடாது.

தொலைபேசி நேர்காணலுக்கு வருவோம். ஏன் டிஸ்னி என்பது எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வி. சிறுவயதிலிருந்தே டிஸ்னி படங்கள் பிடிக்கும் என்ற விடையை அவர்கள் நாள் முழுவதும் கேட்கிறார்கள். ஆகவே அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்த வேலை உங்கள் படிப்போடு எப்படி இணைகிறது என்பதற்கு நகர்ந்துவிடுவது நல்லது. பிறகு, நீங்கள் குறித்த பணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள். சவாரிப் பணி என்றால், ஒரே அறிவிப்பை நாளெல்லாம் மைக்கில் சொல்லச் சலிக்காதா, உயரம் போதாத குழந்தையை ஏற்றிக்கொள்ளும்படி பெற்றோர் வற்புறுத்தினால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகள் வரும். இரண்டாவது கேள்விக்குக் குழந்தையைச் சமாதானப்படுத்துவதிலிருந்து விடையைத் தொடங்கினால் போதாது; ஏற்ற மாட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் கனிவுக்கு வரவேண்டும். டிஸ்னி தன் ஊழியர்களுக்குக் கற்பிக்கும் அடிப்படை நெறிகள் அப்போது நான்கு: பாதுகாப்பு, மரியாதை, காட்சி நேர்த்தி, செயல்திறன். 2020இல் அனைவரையும் உள்ளடக்குதல் என்பது ஐந்தாவதாகச் சேர்ந்தது. வரிசையில் பாதுகாப்பு முதலில் நிற்பது தற்செயல் அல்ல. விடைகளும் அதே வரிசையில் அமையவேண்டும்.

அனுபவத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கைகொடுத்தது தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. சர்க்கரைப் பொங்கல் தீரும் நிலைக்கு வந்தபோது, வரிசையின் பின்பாதியில் நின்ற முதியவர்களையும் குழந்தைகளையும் தனியாக முன்னே அழைத்து, மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நடந்து போய்ச் சொல்லி, சமையலறையிலிருந்து வெண்பொங்கலை முதலில் கொண்டுவரச் செய்ததை விவரித்தேன். பேசிக்கொண்டிருந்தவர் குரலில் அதுவரை இல்லாத ஆர்வம் தெரிந்தது. வரிசையில் யாராவது கோபப்பட்டார்களா என்று மேற்கொண்டு கேட்டார். நம் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட அனுபவங்கள் நிறைய இருக்கின்றன. சம்பளம் வாங்காத வேலை கணக்கில் வராது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பொறுமைசாலி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதைவிட, பொறுமை தேவைப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்வது எவ்வளவோ மேல்.

அறைத்தோழர்களோடு இருக்கமுடியுமா என்பதும் ஒப்புக்குக் கேட்கும் கேள்வி அல்ல. நான் இருந்த விஸ்டா வே குடியிருப்பில் ஓர் அறைக்கு இருவர். இப்போது 2021இல் திறந்த ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் வில்லேஜ்தான் தங்குமிடம். வேலைக்குப் பேருந்து உண்டு. வாடகை வாரந்தோறும் சம்பளத்திலேயே பிடித்தமாகும். அறையைப் பொறுத்து வாரத்துக்கு 200 டாலரைத் தாண்டக்கூடிய தொகை அது. டிஸ்னி வேர்ல்டு தொழிற்சங்கங்களோடு 2023இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அடிப்படை ஊதியம் அந்த ஆண்டு இறுதிக்குள் மணிக்கு 18 டாலராக உயர்ந்தது. புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. இருந்தாலும் கை நிறையச் சேமித்து வரலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். வாடகையும் சாப்பாடும் போக ஓரளவு மிஞ்சும், அவ்வளவே.

சீடர் பாயிண்டிலும் தங்குமிடம் உண்டு. தோழி சொன்னவரையில் செலவு குறைவு, அறைகள் எளிமையானவை. சம்பள விஷயத்தில் அங்கே ஒன்றை மட்டும் நேர்காணலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டா என்பது. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிலையங்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி ஊதியச் சட்டம் அந்தக் கடப்பாட்டிலிருந்து விலக்குத் தருகிறது. பருவகாலப் பூங்கா எதுவானாலும் இதைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. ஆண்டு முழுவதும் இயங்கும் டிஸ்னி வேர்ல்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம். சீடர் பாயிண்ட் வேலை கோடை விடுமுறைக்குள் அடங்கிவிடும். கல்லூரிக்குச் சொல்லவே வேண்டியதில்லை. டிஸ்னி புரோகிராம் அப்படியல்ல. இலையுதிர் காலத்துக்குப் போகிறவர் கோடையிலேயே போய்ச் சேர்ந்து ஜனவரி வரை இருக்க நேரும். வசந்த காலத்துக்குப் போகிறவர் ஜனவரியில் போய்ச் சேருவார். எப்படிப் போனாலும் ஒரு செமஸ்டர் வகுப்பறையை விட்டு விலகியாகவேண்டும். அந்த செமஸ்டரில் உங்கள் பெயர் கல்லூரிப் பதிவேட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் கல்விக் கடனின் தலையெழுத்து இருக்கிறது.

கூட்டாட்சி அரசின் நேரடிக் கல்விக் கடன் வாங்கியவர் அரைநேர மாணவர் என்ற நிலைக்குக் கீழே இறங்கியதும், தவணை கட்டத் தேவையில்லாத ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் குறைந்தது அரைநேர மாணவராகத் திரும்பிவிட்டால், பட்டம் பெற்ற பிறகு முழு ஆறு மாதமும் மறுபடி கிடைக்கும். ஆறு மாதம் கடந்துவிட்டால் அந்தச் சலுகை செலவழிந்தது செலவழிந்ததுதான். பிறகு படிப்பைத் தொடரும்போது தவணை நிறுத்தி வைக்கப்பட்டாலும், பட்டம் வாங்கிய கையோடு தவணை கட்டத் தொடங்கவேண்டும். இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். மே தொடக்கத்தில் வகுப்பு முடித்துவிட்டு, இலையுதிர் செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கும் பதியாமல் புளோரிடா போய், ஜனவரி நடுவில் கல்லூரிக்குத் திரும்புகிறவருக்கு எட்டு மாதம் ஓடிவிட்டிருக்கும். கல்லூரியில் முறையாக விடுப்பு வாங்கியிருக்கிறேனே என்பார்கள். கூட்டாட்சி நிதியுதவி விதிகள் ஏற்கும் விடுப்புக்குப் பன்னிரண்டு மாதங்களில் 180 நாள் என்பதே உச்சவரம்பு. கல்லூரி தன் வழக்கப்படி தரும் விடுப்பு அந்த விதிக்குள் வராமலும் போகலாம்.

இதற்கு நான் கண்ட வழி, பதிவை விடாமல் வைத்துக்கொள்வது. பெரும்பாலான கல்லூரிகளில் இளங்கலை மாணவருக்கு ஒரு செமஸ்டரில் ஆறு கிரெடிட், அதாவது ஆறு பாட அலகுகள், இருந்தால் அரைநேரம் என்று கணக்கு. என் துறையில் இன்டர்ன்ஷிப்புக்கே கிரெடிட் உண்டு என்பதால், துறை ஆலோசகரிடம் பணி விவரத்தைக் காட்டி ஒப்புதல் பெற்றேன். எஞ்சியதற்கு இணையவழிப் பாடம் ஒன்றை எடுத்தேன். ஆறு கிரெடிட்டுக்குக் கட்டணம் கட்டவேண்டும், ஷிப்ட் முடிந்து வந்து பாடமும் எழுதவேண்டும். ஆனால் சலுகைக் காலம் கைவிட்டுப் போகவில்லை, பட்டமும் தள்ளிப்போகவில்லை. முழுநேர மாணவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை உள்ள உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆறு கிரெடிட் போதும் என்று இருந்துவிடக் கூடாது. உதவித்தொகை தொடருமா என்பதற்கு அவர்கள் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்துமூலமாகவே விடை கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய அச்சம், பெற்றோரின் காப்பீட்டில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. மாணவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 26 வயது வரை அதில் தொடரலாம்.

இந்த ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டால், மற்றபடி என் சாய்வு டிஸ்னியின் பக்கம்தான். விருந்தோம்பல், வணிகம், தகவல் தொடர்பு படிப்பவர்களுக்கு அங்கே கிடைக்கும் பயிற்சி பிற்பாடு எந்த நேர்காணலிலும் பேசுவதற்கு உதவுகிறது. பட்டம் பெற்ற பின் என்னை நேர்கண்டவர்கள் என் தன்விவரக் குறிப்பில் முதலில் விரல் வைத்தது டிஸ்னி என்ற அந்த வரியில்தான். பொறியியல் படிப்பவர்களுக்கு அந்த அளவு பயன் இருக்குமா என்பதை என் அனுபவத்தைக் கொண்டு சொல்லத் துணியமாட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டரை இழந்தால் சில பாடங்களுக்கு ஓராண்டு காத்திருக்க நேரும் என்பதால், அவர்களுக்குச் சீடர் பாயிண்ட் போன்ற கோடை வேலையே பொருத்தம் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் அதுவே பொருத்தம். டிஸ்னியில் ஆண்டிறுதி என்பது கூட்டம் அலைமோதும் காலம், விடுப்பை எதிர்பார்க்கக் கூடாது.

எஃப்-1 என்னும் வெளிநாட்டு மாணவர் விசாவில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டுப்பாடற்ற வேலை உரிமை இருக்கவேண்டும் என்பது டிஸ்னி காலேஜ் புரோகிராமின் நிபந்தனை. ஆகவே இந்த ஒப்பீடு குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும்.

இலையுதிர் பருவத்துக்கான டிஸ்னி விண்ணப்பம் வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் திறக்கிறது. சீடர் பாயிண்டும் அதே மாதங்களில்தான் கோடைக்கு ஆள் எடுக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஆனால் டிஸ்னியின் பணி வாய்ப்பு வந்த பிறகு ஆலோசகரைத் தேடி ஓடாமல், விண்ணப்பிக்கும் வாரத்திலேயே துறை ஆலோசகரையும் நிதியுதவி அலுவலகத்தையும் பார்த்து, இன்டர்ன்ஷிப்புக்கு எத்தனை கிரெடிட் தருவார்கள் என்பதைக் கேட்டுவிடுங்கள். ஆறு கிரெடிட்டுக்கு வழியில்லை என்று அவர்கள் சொன்னால், சீடர் பாயிண்டின் வேலையை ஒப்புக்கொண்டு, பட்டம் பெற்றதும் டிஸ்னிக்கு விண்ணப்பிக்கலாம். அண்மையில் பட்டம் பெற்றவர்களையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.