ஷொரனூரில் இடதா, வலதா?

சென்னையிலிருந்து பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குப் போகும் ரயில்கள் கணவாயைத் தாண்டும் வரை ஒரே வழியில்தான் போகின்றன. ஷொரனூர்ப் பக்கம் வந்ததும் பாதை பிரிகிறது. இடப்பக்கம் வளைந்து பாரதப்புழையைக் கடக்கும் ரயில் திருச்சூர், எர்ணாகுளம், ஆலப்புழை என்று தெற்கே இறங்கும். மங்களூர் மெயில் வலப்பக்கமாகக் கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர், காசர்கோடு என்று வடக்கே ஏறும். நம் ஊர்ச் சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் இடப்பக்கம்தான் திரும்புகிறது. கொச்சி, மூணாறு, தேக்கடி, படகு வீடு, முடிந்தது கேரளம். நானும் மூன்று முறை அப்படித்தான் போய் வந்தேன். நான்காவது முறை வலப்பக்கம் போனேன். அதன் பிறகு கேரளத்தில் தெற்கா, வடக்கா என்று யார் கேட்டாலும் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த அலசல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான்கு நாளில் ‘கேரளா முழுக்க’ என்று கிளம்பாதீர்கள். அகலத்தில் ஒல்லியான மாநிலம்தான். ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை ரயில் பாதை 550 கிலோமீட்டருக்கு மேல். வந்தே பாரத்திலேயே ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. இரண்டு பாதியும் ஒரே ஊரும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை தெற்கு மன்னராட்சி வழி வந்த திருவிதாங்கூர்-கொச்சி. வடக்கே மலபார், நம்முடைய சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். சாப்பாட்டிலும் பேச்சிலும் கோயிலிலும் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. தெற்கில் தமிழ் பேசினால் பாதிப் பேருக்காவது புரியும். மூணாறு கடைத்தெருவில் தமிழ்தான் புழங்குமொழி. கண்ணூர்க்காரர் வேகமாகப் பேசினால் கோட்டயத்துக்காரரே முழிப்பார் என்று சொல்வார்கள். நாம் எம்மாத்திரம்.

காயல்

தண்ணீரில் தெற்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தியாவின் மிக நீண்ட ஏரியான வேம்பநாட்டுக் காயல், கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாடு, ஆகஸ்டில் சுண்டன் வள்ளம் எனும் பாம்புப் படகுகள் பாயும் புன்னமடை எல்லாம் இங்கேதான். படகு வீடு என்று நாம் ஏறுவது பழைய கெட்டுவள்ளத்தின் பேரன். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்த நெல் சுமக்கும் படகு அது.

ஆனால் இரவு தங்கும் படகு வீட்டுக்கு நான் வாக்களிக்க மாட்டேன். மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு காயல் மீனவர்களின் வலைக்கு. அது நியாயமான ஏற்பாடு. நமக்கு மிஞ்சுவது வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகள், அவற்றின் ஜெனரேட்டர் புகை, பக்கத்துப் படகின் பாட்டு. விடிய விடிய ‘ஊ அண்டாவா’ கேட்டுக்கொண்டு கிடந்தேன். அறை வாடகையோ நல்ல ஓட்டலைவிட அதிகம். பகல் பயணம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, ஆலப்புழைப் படகுத் துறையிலிருந்து கோட்டயத்துக்குப் போகும் அரசு நீர்ப்போக்குவரத்துப் படகு. இரண்டரை மணி நேரம், பஸ் கட்டணம் போலச் சொற்பப் பணம். முன்னால் நிற்கும் ஸ்ராங்கு, அதாவது படகோட்டி, கயிற்றை இழுத்து மணி அடிக்கிறார். நடுவில் எஞ்சின் அருகே இருப்பவர் மணியின் கணக்கைக் கேட்டு வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், ஒருவர் வாழைத்தாரோடு இறங்குகிறார். ஒரு படித்துறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி படகின் அலை வந்து தொடும் முன்பே, தலை நிமிராமல், இரண்டு தட்டுகளை மேற்படிக்கு நகர்த்தி வைத்தார். அலைக்கு அவர் பாத்திரங்கள் தப்பின.

வடக்கின் பதில், காசர்கோடு மாவட்டத்து வலியபறம்பு. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நூல்போல ஒரு தீவு. படகுகள் குறைவு, ஆகாயத்தாமரை குறைவு, சத்தம் குறைவு. ஆனால் வேம்பநாட்டின் விரிவையோ வயலும் வாய்க்காலும் பின்னிய வாழ்க்கையையோ அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்தச் சுற்று தெற்குக்கு.

கடற்கரை

இங்கே கணக்கு மாறுகிறது. கோவளம் ஒரு காலத்தில் அழகாக இருந்திருக்கும். இன்று ஓட்டல்களுக்கு நடுவே மிச்சம் வைத்த மணல். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். தெற்கில் பார்க்க வேண்டியது வர்க்கலை. செம்மண் பாறை செங்குத்தாக நின்று, அதன் அடியில் கடல் அடிக்கிறது. மேலே விளிம்பில் வெளிநாட்டவர்களின் காபிக் கடைகள். கீழே பாபநாசம் கரையில் கர்க்கடக வாவுக்கு, அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, பலி இட வரும் கூட்டம். இரண்டு உலகமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன. பாறை விளிம்பு அரித்துக்கொண்டே வருகிறது; தடுப்பு இல்லாத இடத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள்.

வடக்கில் கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் இடையே முழப்பிலங்காடு. சுமார் நான்கு கிலோமீட்டர் கெட்டி மணல். காரைக் கடலோரத்திலேயே ஓட்டலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குக் கடற்கரையில் கார் எதற்கு என்று தோன்றியது, ஆனால் என் தம்பி மகன் இன்னும் அதைத்தான் பேசுகிறான். இன்னும் வடக்கே போனால் பேக்கல் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் இக்கேரி நாயக்கர்கள் கட்டிய செந்நிறக் கல்கோட்டை, கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் படப் பாட்டில் மழையோடும் காற்றோடும் நீங்கள் ஏற்கெனவே பார்த்த இடம்தான். உள்ளே அரண்மனை, தூண் என்று எதுவும் இல்லை. புல்வெளி, கொத்தளம், துப்பாக்கித் துளைகள் வழியே கடல். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் வெயில் மண்டையைப் பிளக்கும்.

வழியில் மாஹேயைத் தாண்டுவீர்கள். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் கேரளம் சூழ்ந்த துண்டு நிலம், ஆனால் நிர்வாகம் நம் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன விநோதம். பெட்ரோல் பங்குகளிலும் மதுக்கடைகளிலும் நிற்கும் வரிசையே அங்கே விலை குறைவு என்று சொல்லிவிடும்.

மலை

மூணாறா, வயநாடா என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதே பாதி விடை. மதுரை, தேனிக்காரர்களுக்குப் போடிமெட்டு ஏறினால் மூணாறு. கோவை, நீலகிரிக்காரர்களுக்குக் கூடலூர் வழியே சுல்தான் பத்தேரி.

மூணாறு கண்ணுக்குச் சட்டென்று பிடித்துப்போகும் ஊர்: தேயிலைச் சரிவு, மூடுபனி, இரவிகுளம் தேசியப் பூங்காவில் கை எட்டும் தூரத்தில் வரையாடு. (பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள், பலரும் இதை நுழைவாயிலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.) நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030. நம் ஆட்களுக்கு இங்கே இன்னொரு உறவும் உண்டு. அந்தத் தேயிலையைப் பறித்த கைகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கைகள். 2015இல் போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்து நிர்வாகத்தையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேர அதிரவைத்த பெம்பிளை ஒருமைப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் மண்ணுக்குள் போன லயன் வீடுகளும் அவர்களுடையவையே. பச்சைக் கம்பளம் என்று படம் எடுக்கும்போது இது நினைவில் இருந்தால் நல்லது. மற்றபடி விடுமுறை நாட்களில் மூணாறு ஊருக்குள் கார் நகராது.

வயநாடு அவ்வளவு உடனே தன்னைக் காட்டாது. காபித் தோட்டம், மிளகுக் கொடி, மூங்கில், இடையிடையே வயல். எடக்கல் குகை என்பது சரியாகச் சொன்னால் குகையே இல்லை. பாறைப் பிளவின் மேல் ஒரு பெரும் கல் வந்து சிக்கியிருக்கிறது. இடையில் நிற்கும் கல், ஆகவே எடக்கல். சுவர் முழுக்கக் கற்காலக் கீறல்கள்: மனிதர், விலங்கு, சக்கரம் போன்ற உருவங்கள். பிற்காலத்தில் யாரோ தமிழ்-பிராமியிலும் எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். ஏறும் படிகள் முட்டிக்கு வேலை வைக்கும். அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டு, “நீ பார்த்துவிட்டு வந்து சொல்லு” என்றார். கோழிக்கோட்டுப் பக்கம் இறங்கும் தாமரசேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் தனி அனுபவம். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். 2024 ஜூலை 30 விடியலில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. இந்த எச்சரிக்கை மூணாறுக்கும் சேர்த்துத்தான்.

என் ஓட்டு வயநாட்டுக்கு, மயிரிழையில்.

ஊரும் சோறும்

கோட்டைக் கொச்சி அலங்காரமான ஊர். சீன வலை, பக்கத்து மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயில், வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த தேவாலயம், இப்போது தீவுகளை இணைக்கும் வாட்டர் மெட்ரோ. ஒரு நாளுக்கு அருமை. இரண்டாம் நாள் எல்லாக் கடையும் ஒரே கடையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கோழிக்கோட்டில் பார்க்கும் இடங்களின் பட்டியல் சிறியது. காமா 1498இல் வந்திறங்கிய காப்பாட்டில் ஒரு கல்தூண்தான் நிற்கிறது. அந்த ஊருக்குப் போவது சாப்பிட. பிரியாணிக்குப் பாசுமதி இல்லை. கைமா எனும் குட்டை அரிசி, நெய் வாசனை, மசாலா அடியில் அடக்கமாக. அரிக்கடுக்கா என்று கேளுங்கள்: கல்லுமக்காய் எனும் சிப்பியைப் பிளந்து, அரிசி மாவை உள்ளே அடைத்து, ஓட்டோடு வேகவைத்து, பிறகு ஓட்டை நீக்கி மிளகாய் மசாலாவில் பொரித்தெடுப்பார்கள். கடற்கரையில் கண்ணாடி ஜாடிகளில் உப்பில் ஊறிய நெல்லி, மாங்காய், அன்னாசி. மிட்டாய்த் தெருவில் அல்வாவை வெட்டி வெட்டி நாக்கில் வைத்துக்கொண்டே விற்பார்கள். வாங்காமல் நகர வெட்கமாக இருக்கும். கடைசியில் பால் இல்லாத சுலைமானி தேநீர்.

தெற்கின் மரவள்ளிக் கப்பையும் குடம்புளி மீன்குழம்பும், வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீனும் இளைத்தவை அல்ல. ஆனால் சுற்றுலா வட்டத்தில் அவை சுற்றுலா விலையில், சுற்றுலாக் காரத்தில் வருகின்றன. கரிமீனின் விலையை உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்குத் தெற்கே வசதி; மலபாரில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

கதகளியும் தெய்யமும்

கொச்சியில் மாலை ஆறு மணிக்கு டிக்கெட் வாங்கினால் கதகளி பார்க்கலாம். சுருக்கிய கதை, விளக்கக் குறிப்பு, ஏசி அரங்கு. குறை சொல்ல மாட்டேன். வேஷம் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க விடுகிறார்கள்.

வடக்கில், மனிதர் தெய்வ வேடம் கட்டி ஆடும் சடங்கான தெய்யத்துக்கு டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, நேரமும் திட்டவட்டமில்லை. துலா மாதம் பத்தாம் நாள், அதாவது அக்டோபர் கடைசி வாக்கில் தொடங்கி, மே இறுதி, ஜூன் வரை கண்ணூர், காசர்கோட்டுக் காவுகள் எனும் தோப்புக் கோயில்களில் நடக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவர் சொல்லி, நீலேசுவரத்துக்கு அருகே ஒரு வீட்டுக் காவுக்கு அதிகாலை மூன்று மணிக்குப் போனேன். ஓலைக் கொட்டகைக்குள் ஒருவர் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் இன்னொருவர் குனிந்து, ஈர்க்குக் குச்சியால் அவர் கன்னத்தில் சிவப்பும் கருப்புமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கிடந்தவர் மூச்சுவிடுவதுகூடத் தெரியவில்லை. மணிக்கணக்கில் அப்படி. பிறகு எழுந்து, தலைமுடி கட்டி, சிறு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு மனிதர் போய் தெய்வம் வந்துவிடுகிறது என்பது நம்பிக்கை. செண்டை கொதித்தது. பொட்டன் தெய்யம், குருத்தோலை உடுப்போடு, கனல் குவியலின் மேல் போய்ச் சாய்ந்து படுத்தது. “குளிருகிறது” என்றது.

தெய்யம் கட்டுபவர்கள் ஊர் ஒதுக்கிவைத்த சாதியினர். தெய்யம் நிற்கும் நேரத்தில் தறவாட்டுப் (பரம்பரைக் குடும்பத்து) பெரியவர் அவர் முன்னால் கைகட்டி நிற்கிறார். சாதியைக் கேள்வி கேட்கும் கதைதான் பொட்டனுடையது. சங்கராச்சாரியாரை வழிமறித்து, வெட்டினால் உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம் இல்லையா என்று கேட்டவன். தெய்யம் கட்டிய அதே மனிதர் மறுநாள் கூலி வேலைக்குப் போகிறார் என்று ஆட்டோக்காரர் சொன்னது வெகுநேரம் மனதில் கிடந்தது.

இந்த ஒன்றுக்காகவே வலப்பக்கம் திரும்பலாம் என்பேன். ஆனால் முதன்முறை போகும் குடும்பம், சின்னக் குழந்தைகள், எல்லாம் முன்பதிவாக நடக்க வேண்டும் என்பவர்கள் இடப்பக்கமே போங்கள். அங்கே வண்டியும் அறையும் வழிகாட்டியும் சுலபம். வயதான பெற்றோருக்கு வர்க்கலையும் கோட்டயப் படகும் போதும். தனியாகவோ இருவராகவோ, தூக்கத்தையும் திட்டத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிந்தவர்களுக்கு மலபார். இரவு மங்களூர் மெயிலில் ஏறினால் காலைப் பலகாரத்துக்குக் கோழிக்கோடு.

தெய்யக் காலம் இல்லாத மாதத்தில் மாட்டிக்கொண்டால், வளபட்டணம் ஆற்றங்கரையில் பறசினிக்கடவு முத்தப்பன் கோயில் இருக்கிறது. அங்கே தினமும் தெய்யம் உண்டு. வாசலில் வெண்கல நாய்கள். உள்ளே உயிருள்ள நாய்களும் தாராளமாக உலாவும், யாரும் விரட்டுவதில்லை. முத்தப்பனுக்குப் படைப்பது கள்ளும் சுட்ட மீனும். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. தரிசனம் முடிந்ததும் ஒரு டம்ளர் தேநீரும், தேங்காய்ச் சில்லோடு அவித்த பயறும் கையில் கொடுப்பார்கள். இரண்டாவது முறை கேட்டாலும் கொடுப்பார்கள், நான் கேட்டேன்.