பின்சீட்டில் இன்னொரு தேர்வாளர்: இரண்டு வருட அனுபவம்

சிமுலேட்டரில் விமானிகளுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துவது என் வேலை. எங்கள் மையத்தில் செயற்கை நுண்ணறிவு மதிப்பீட்டு மென்பொருள் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

4 மணி நேரப் பயிற்சியில் கோளாறுகளைக் கொடுப்பதும் நான்தான், கட்டுப்பாட்டுக் கோபுரமாகப் பேசுவதும் நான்தான். இடையே குறிப்பும் எழுத வேண்டும், ஏதாவது விட்டுப்போகும். மென்பொருள் விடுவதில்லை. வி-ஒன் வேகத்தில், அதாவது அதற்குமேல் புறப்பாட்டைக் கைவிடக் கூடாத வேகத்தில், ஒரு இன்ஜினை நிறுத்தினால், விமானத்தை நேராக்கும் ரட்டர் மிதியை மிதிக்க எத்தனை வினாடி ஆனது, மூக்கு எத்தனை டிகிரி திரும்பியது என்று துல்லியமாகக் காட்டும். "நான் அப்படிச் செய்யலையே சார்" என்ற வாக்குவாதம் அறவே நின்றுவிட்டது.

எனக்குச் சங்கடம் வேறு இடத்தில். நாங்கள் 1 முதல் 5 வரை தரம் போடுகிறோம், 5 தான் சிறந்தது. முதல் மணி நேரத்தில் 2 போட்ட அதே தவறுக்குக் கடைசி மணி நேரத்தில் 3 போட்டிருக்கிறேன், பலமுறை. களைப்புதான். மென்பொருள் இதைக் காட்டியபோது, அதுதான் தப்பு என்று ஒரு மாதம் வாதாடிப் பார்த்தேன். அப்புறம் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் புரியாததும் நிறைய. ஒரு கேப்டன் தரையிறங்க வரும்போது 1,000 அடி உயரத்தில் வேகம் கட்டுக்குள் வராததைக் கண்டு, தயங்காமல் கோ-அரவுண்ட் போனார், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட்டார். அன்றைய பயிற்சியிலேயே சிறந்த முடிவு அது. மென்பொருளோ வேக விலகலைக் கணக்கிட்டு 2 போட்டது! பிறகு அமைப்பைத் திருத்தினார்கள். கண் அசைவைப் பதியும் கேமராவும் அப்படித்தான்: "வேகமானியைப் பார்க்கவில்லை" என்றது. பக்கத்தில் துணை விமானி வேகத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காதால் கேட்டது கேமராவுக்கு எப்படித் தெரியும்?

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 2013-இல் வெளியிட்ட 9995 என்ற பயிற்சிக் கையேட்டில், விமானிக்கு வேண்டிய எட்டுத் திறன்கள் உண்டு. அவற்றில் விமானத்தைக் கையால் ஓட்டுவதை அளக்க மென்பொருளை நம்பலாம். தலைமைப் பண்பு, கூட்டுப்பணி என்று வந்தால் நான் நம்புவதில்லை. கேப்டன் பேசாமல் இருந்தது யோசனையா திகைப்பா என்று அறையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆறு மாதத்தில் சிலர் மதிப்பெண்ணுக்காகவே ஓட்டத் தொடங்கினார்கள். கருவியின் முள் நடுவில் நின்றால் போதும், வெளியே ஓடுபாதையில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் பயிற்சி முடியும்வரை மென்பொருளின் மதிப்பெண் திரையை அவர்களுக்குக் காட்டுவதில்லை. நானும் என் தரத்தை எழுதிய பிறகுதான் திறக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், விமானியையும் உட்காரவைத்து அந்த இரண்டு நிமிடப் பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம்.